பற்று... வரவு... கார்பன்!

"ராத்திரி ஆன்லைன்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டிருக்கேன்" என்று ஆபீஸில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மூன்று விதமான பதில் வரும்.

"ஆர்கானிக்கா? ரொம்ப நல்லது சார். எங்க மச்சான்கூட பஞ்சகவ்யம் தெளிச்சுத்தான் கத்தரிக்காய் போடறான்." இது முதல் ரகம்.

"என்ன பாஸ், இந்த வயசுல நீட் எழுதப் போறீங்களா?" இது இரண்டாம் ரகம்.

மூன்றாவது ரகம் எதுவும் கேட்காது. உங்கள் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்.

மூவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். எழுதிப் பிழைக்கிறவன். நீட், கீட் எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

நம் ஊரில் ஒருவன் கெமிஸ்ட்ரி படிக்கலாமா, கூடாதா என்பது பதினைந்து பதினாறு வயதில், ஹெட்மாஸ்டர் அறை வாசலில் முடிவாகிவிடுகிறது. உள்ளே போன அப்பா மார்க் ஷீட்டோடு வெளியே வருவார். "தேர்ட் குரூப்தான் தருவாங்களாம்." அவ்வளவுதான். அன்றோடு ஆக்ஸிஜனுக்கும் நமக்கும் உள்ள உறவு மூச்சு விடுவதோடு சரி. காமர்ஸ் மட்டமான படிப்பு என்று சொல்ல வரவில்லை. இன்றுவரை எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் ஒரு கதவைத் திறந்துவிட்டவர்கள், பக்கத்துக் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் பேஜார்.

இப்போது அந்தச் சாவி இலவசமாகவே கிடைக்கிறது!

வாத்தியார் வீட்டுக்கே வருகிறார்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்பிரைட் என்ற பேராசிரியர் முதலாண்டு மாணவர்களுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்தார். அந்த வகுப்பை 2008-ல் அப்படியே படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் பாடத்தின் தலைப்பே ஒரு கேள்வி: 'உனக்கு எப்படித் தெரியும்?' கார்பன் அணுவை யாரும் கண்ணால் பார்க்காத காலத்திலேயே அதற்கு நான்கு கை என்று எப்படிச் சொன்னார்கள்? எந்த தைரியத்தில் சொன்னார்கள்? மனிதர் ஒவ்வொன்றாகத் துருவுகிறார். பாடத்தை விடுங்கள், அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்டாலே போதும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அமெரிக்க இங்கிலீஷ் காதில் ஏறவில்லையா? ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. 2014-லிருந்து சான்றிதழோடு நடத்துகிறார்கள். பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி, பரீட்சை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரியே தெரியாதவர்களுக்கு கான் அகாடமி வீடியோக்கள். பத்துப் பத்து நிமிஷமாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொல்லித் தருகிறார்கள்.

அட்டெண்டன்ஸ் கிடையாது. பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியதில்லை. "லாஸ்ட் பெஞ்ச், எழுந்திரு!" கிடையாது. லுங்கியோடு படிக்கலாம்.

நான்கு கை சம்சாரி

கார்பன் ஒரு நடுத்தரக் குடும்பஸ்தன். அவனிடம் இருப்பது ஆறு எலெக்ட்ரான். அதில் இரண்டு உள்ளே, பீரோவில். வெளியே புழக்கத்தில் இருப்பது நான்கு. ஆனால் எட்டு இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி. எனவே நான்கு பேரோடு கை கோக்கிறான். 'நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணு போடறேன், ரெண்டு பேரும் பொதுவா வெச்சுப்போம்' என்கிற கூட்டு வியாபாரம்தான் ரசாயனப் பிணைப்பு.

நான்கு கையிலும் ஹைட்ரஜனைப் பிடித்தால் மீத்தேன். இரண்டு கார்பன் கை கோத்தால் ஈத்தேன். மூன்று என்றால் புரோப்பேன். நான்கு என்றால் பியூட்டேன். இந்தக் கடைசி இரண்டு பேரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். சமையல் சிலிண்டருக்குள் முக்கியமாக இருப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் கேஸ் கசிந்தால் குப்பென்று வருகிறதே ஒரு நாற்றம், அது அவர்களுடையது இல்லை. அவர்களுக்கு வாசனையே கிடையாது. கசிவு தெரியட்டும் என்று சேர்க்கிற எத்தில் மெர்காப்டான் என்கிற கந்தகச் சரக்குதான் நம் மூக்கைத் துளைக்கிறது. அந்த நாற்றம் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்!

நான்கு கார்பனை நேர்க்கோட்டில் நிறுத்தலாம். மூன்றை நிறுத்தி நாலாவதைக் கிளையாகவும் ஒட்டலாம். ஆக இரண்டு விதம். ஐந்து கார்பன் என்றால் மூன்று விதம். ஆறு என்றால் ஐந்து. பத்து என்றால் 75. இருபது கார்பன் என்றால்? 3,66,319 விதம்! முப்பதுக்குப் போனால் 411 கோடியைத் தாண்டுகிறது. இத்தனையும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், ஒற்றைக் கை பிடித்து, வளையம் கிளையம் எதுவும் போடாமல்.

'ஆர்கானிக் கெமிஸ்ட்ரின்னா மனப்பாடம்' என்கிறார்களே, இந்த 411 கோடியை எந்த மகானுபாவன் மனப்பாடம் செய்வது? முடியாது. முடியாது என்பதால்தான் விதி வேண்டியிருக்கிறது. அந்த விதி... சார், அது நம்ம ஏரியா!

பெறுபவர் பற்று, தருபவர் வரவு

லூகா பேசியோலி என்ற இத்தாலியத் துறவி 1494-ல் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைப் புத்தகமாக அச்சிட்டார். ஒருவன் கொடுத்தால் இன்னொருவன் வாங்கியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் எழுது, கடைசியில் டாலி ஆக வேண்டும். காமர்ஸ் மாணவனின் சுப்ரபாதம்.

1922-ல் ராபர்ட் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், தன் சகா கெர்மாக்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வளைந்த அம்புக்குறிகளைப் போட்டார். அம்பின் வால் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து எலெக்ட்ரான் ஜோடி கிளம்புகிறது. தலை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேருகிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகம் முழுக்கப் புழுப் புழுவாக நெளிகிறதே, அந்த அம்புகள்தான். சயின்ஸ் குரூப் பையன்களைப் பயமுறுத்துகிற அதே அம்பு, நமக்கு ஜர்னல் என்ட்ரி!

ஒரு உதாரணம். புரோமோமீத்தேன் என்று ஒருவர். கார்பனின் மூன்று கையில் ஹைட்ரஜன், நாலாவது கையில் புரோமின். எதிரே ஹைட்ராக்சைடு வருகிறார். கையில் உபரி எலெக்ட்ரான், ஒரு மைனஸ் சார்ஜ். 'இந்தா' என்று ஒரு ஜோடி எலெக்ட்ரானைக் கார்பனுக்குக் கொடுக்கிறார். தருபவர் ஹைட்ராக்சைடு, பெறுபவர் கார்பன். ஆனால் கார்பனுக்கு நான்கு கைக்கு மேல் அனுமதி இல்லை. ஐந்தாவது ஆள் ஒட்டும்போதே பழைய ஆள் ஒருவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். புரோமின் தன் எலெக்ட்ரான் ஜோடியை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுகிறார். மீதி இருப்பது மெத்தனால்.

ட்ரையல் பேலன்ஸ் போடுங்கள். முன்னால் மொத்த சார்ஜ்: மைனஸ் ஒன்று. பின்னால்: புரோமைடின் தலையில் மைனஸ் ஒன்று. டாலி! ஐந்து கை உள்ள கார்பனை நீங்கள் எங்காவது வரைந்திருந்தால் கணக்கு உதைக்கும். எந்த அம்பில் தப்பு என்று தேடிப்பிடிக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு நாற்பது பைசா வித்தியாசத்தைத் தேடியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

புதினாவும் சதகுப்பையும்

இந்தக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாளில் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. நிஜத்தில் கார்பனின் நான்கு கையும் நான்கு திசையில், ஒன்றுக்கொன்று 109.5 டிகிரி கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. 1874-ல் இதைச் சொன்னவர் வான்ட் ஹாஃப். வயது 22. அதே வருஷம் பிரான்சில் லெ பெல் என்பவரும் தனியாக இதே மாதிரி யோசித்திருந்தார்.

வான்ட் ஹாஃபுக்கு வேலை கிடைத்தது ஹாலந்தில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில். ஹெர்மன் கோல்பே என்ற ஜெர்மன் பெரிய மனிதர் 1877-ல் அவரைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினார். மாட்டு டாக்டர் பள்ளிக்கூடத்து ஆசாமிக்கு உருப்படியான கெமிஸ்ட்ரி பிடிக்கவில்லை போலும், கற்பனைக் குதிரையில் ஏறிவிட்டார் என்கிற தோரணையில் நக்கல். 'தேர்ட் குரூப்பா நீ?' என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்! 1901-ல் வேதியியலுக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது, வேறு ஆராய்ச்சிக்காகத்தான் என்றாலும், வாங்கியவர் அந்த மாட்டு டாக்டர் பள்ளிக்கூடத்து ஆசாமிதான்.

நான்கு கையிலும் நான்கு வெவ்வேறு ஆட்கள் என்றால், ஒரே மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவில் வரும். இடது கால் செருப்பை வலது காலில் போட முடியுமா? அந்த மாதிரி. கார்வோன் என்று ஒரு சரக்கு. ஒரு கை வடிவம் புதினா வாசனை. கண்ணாடியில் தெரியும் அதன் மறு வடிவம் சதகுப்பை வாசனை. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே வரிசை. நம் மூக்குக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. சட்னி அரைக்கும்போது இனி புதினாவைக் கொஞ்சம் மரியாதையோடு கிள்ளுங்கள்.

மூக்கோடு போனால் பரவாயில்லை. மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்தது தாலிடோமைடு என்கிற தூக்க மாத்திரை. மசக்கை வாந்திக்கு நல்லது என்று கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள், உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் கை, கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. இதற்கும் இடக்கை, வலக்கை உண்டு. 'நல்ல கையை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்' என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் நடந்திருக்காது. உடம்புக்குள் போனதும் ஒரு கை இன்னொரு கையாக மாறிக்கொள்கிறது. அமெரிக்காவில் இந்த மருந்து கடைக்கு வராமல் தடுத்தவர் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. கம்பெனி எத்தனை முறை நெருக்கியும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே? அதாவது, 'உனக்கு எப்படித் தெரியும்?'

ஒரே ஒரு கார்பன்

நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

பேப்பரில் படித்துவிட்டு 'உச்' கொட்டினோம். மெத்தனால், எத்தனால் என்று ரைமிங்காக இரண்டு பெயர் வந்துபோயின. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இரண்டு வாரம் தாண்டியவனுக்கு அந்தப் பெயரே கதையைச் சொல்லிவிடும். 'எத்' என்றால் இரண்டு கார்பன். 'மெத்' என்றால் ஒன்று. வித்தியாசம் ஒரே ஒரு கார்பன், கூடவே இரண்டு ஹைட்ரஜன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாக்கில் வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இரண்டையும் முதலில் கையாள்வது கல்லீரலில் இருக்கும் ஒரே என்சைம்தான். எத்தனால் அங்கே அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அசிட்டிக் அமிலமாகிறது. வினிகரில் இருக்கிற அதே அமிலம். குடித்தவனுக்கு மறுநாள் தலை வலிக்கும். மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருப்பது. அடுத்து ஃபார்மிக் அமிலம், எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அது. அது தேங்கிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. முதலில் கண் மங்குகிறது. அப்புறம் மூச்சு.

கூத்து என்னவென்றால், ஆஸ்பத்திரிகளில் இதற்கு முறிவாகக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சுத்தமான எத்தனால்! அந்த என்சைமுக்கு எத்தனால் மேல்தான் ஆசை அதிகம். அது இருக்கும்வரை மெத்தனாலைத் தொடாது. மெத்தனால் மெதுவாக அப்படியே வெளியேறிவிடும். ஃபோமிபிசோல் என்ற மருந்தும் அதே என்சைமின் வாயைத்தான் அடைக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் குவார்ட்டரோடு வைத்தியத்துக்குக் கிளம்ப வேண்டாம். அளவு பார்த்து, ரத்தம் சோதித்து டாக்டர் செய்கிற வேலை அது. குடித்தவருக்குக் கண் மங்கினால் உடனே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு மணி நேரமும் உயிர்.)

'காலைல சரியாயிடும், தூங்கட்டும் விடு' என்று சொல்லப்படுகிற எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் ஒரே ஒருவனுக்கு இந்த ஒரு கார்பன் வித்தியாசம் தெரிந்திருந்தால்? இதற்கு டிகிரி வேண்டாம், குரூப் வேண்டாம்.

'கெமிக்கலே இல்லாத' சோப்பு

தினசரி வாழ்க்கைக்கும் இது பயன்படுகிறது. 'எங்கள் சோப்பில் கெமிக்கலே இல்லை' என்று விளம்பரம் வருகிறது. தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து ரசாயன மாற்றம் நடந்தால்தான் சார் அது சோப்பு! கெமிக்கல் இல்லாத சோப்பு வேண்டுமானால் காலி டப்பாதான் விற்க வேண்டும்.

உயிருள்ளவற்றில் கிடைக்கும் பொருளைச் செய்ய ஏதோ 'உயிர்ச் சக்தி' வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். 'ஆர்கானிக்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1828-ல் பிரெடெரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டைச் சூடாக்கி யூரியா செய்தார். சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று தன் குரு பெர்சீலியஸுக்குக் குஷியாகக் கடிதம் எழுதினார். ஆக, நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி-யும் ஃபாக்டரி மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி-யும் அணுவுக்கு அணு ஒன்றேதான். நெல்லிக்காயில் நார் உண்டு, வேறு சத்து உண்டு, உப்பு மிளகாய்த்தூளோடு ருசியும் உண்டு. அது வேறு விஷயம். அடுத்த தடவை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா எதையாவது அனுப்பினால், 'எப்படித் தெரியும்?' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்விட்டுக் கேட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது.

ஆரம்பிக்கிறவர் ஆயிரம், முடிக்கிறவர்?

இனிப்பாகவே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தங்களுடைய முதல் 17 ஆன்லைன் படிப்புகளுக்கு 2014-ல் கணக்குப் பார்த்தன. பதிவு 8,41,687. சான்றிதழ் வாங்கியது 43,196. நூற்றுக்கு ஐந்து பேர்! பெயரைப் பதிந்துவிட்டுப் பாடத்துக்குள் எட்டியே பார்க்காதது 2,92,852. நம் ஊர் ஜிம் கதைதான். ஜனவரியில் கூட்டம், பிப்ரவரியில் டிரெட்மில் மேல் துண்டு காய்கிறது.

காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. வீடியோ பார்ப்பது படிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் படிப்பு இல்லை. வாத்தியார் அம்பு போடும்போது, 'ஆமா, கரெக்ட்' என்று தலை ஆடும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் தலையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆடும். வெள்ளைத் தாளை எடுத்து நீங்களே போடும்போதுதான் அம்பு எங்கே கிளம்பும் என்பது மறந்துபோகும். டெண்டுல்கரின் கவர் டிரைவை ஆயிரம் தடவை டிவியில் பார்த்தவர்களெல்லாம் மாட்ச் ஆடிவிட முடியுமா?

எனவே சில யோசனைகள்:

ஒரு நாளைக்கு அரை மணி நேர வீடியோ என்றால், அரை மணி நேரம் கை வேலை. வாத்தியார் கேள்வி போட்டதும் வீடியோவை நிறுத்துங்கள். நீங்கள் போட்டுப் பார்த்த பிறகு ஓடவிடுங்கள். நிஜ வகுப்பில் வாத்தியாரை நிறுத்த முடியாது. இங்கே முடியும். ஆன்லைன் படிப்பின் பெரிய வரமே அந்த 'பாஸ்' பட்டன்தான்.

மாடல் வாங்கக் காசு வேண்டாம். ஒரு உருளைக்கிழங்கு, நான்கு ஈர்க்குச்சி. நுனியில் ஊறவைத்த கொண்டைக்கடலை, திராட்சை, வெண்டைக்காய்த் துண்டு, பச்சை மிளகாய். கண்ணாடி முன் பிடித்து, அதில் தெரிகிற மாதிரியே இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்திப் பாருங்கள். பொருந்தாது. பாஸ்டரும் வான்ட் ஹாஃபும் பட்ட பாடு அஞ்சு நிமிஷத்தில் புரியும். வீட்டம்மா எதற்கு என்று கேட்டால் 'குருமாவுக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம்.

சான்றிதழ் தேவையில்லாவிட்டாலும் கெடு தேதி உள்ள படிப்பில் சேருங்கள். என்.பி.டி.இ.எல்.லில் வாராந்திரக் கேள்விகளுக்கு 25, பரீட்சைக்கு 75 என்று மதிப்பெண். கேள்விகளில் 10-ம் பரீட்சையில் 30-ம் எடுத்தால் பாஸ். நம்மை மாதிரி ஆட்களுக்கு மார்ச் 31 என்று ஒரு தேதி இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் முடியாது, தெரியுமில்லையா?

ஒன்று மட்டும் ஆன்லைனில் கிடைக்காது. லேப். குடுவை கையைச் சுடாது, வாழைப்பழ வாசனை வீசும் எஸ்டரை முகர முடியாது. அதற்காக யூடியூப் பார்த்து சமையலறையில் இறங்கிவிடாதீர்கள். அடுப்படியில் ரசம் வையுங்கள், ரசாயனம் வேண்டாம்.

இதனால் இன்கிரிமென்ட் வருமா? வராது. மானேஜருக்கு பென்சீன் வளையத்தைக் காட்டினால் வேறு மேஜைக்கு மாற்றிவிடுவார். ஆனால் பதினைந்து வயதில், 'இது உனக்கு வராது' என்று யாரோ எழுதிய ஒரு பதிவு நம் பேரேட்டில் இன்னும் நிற்கிறது. எழுதியவருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை. இப்போது நாமே கேட்டு, நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர். ரப்பர் மட்டும் கொஞ்சம் பெரிசாக வாங்குங்கள்.